கால்சியம் 1250 பெரிதா, 500 பெரிதா?

கேள்வி, 3.2.2024, இரவு 8.15

அம்மாவுக்கு டாக்டர் கால்சியம் மாத்திரை சொல்லியிருக்கிறார். கம்பெனி பெயர் எழுதவில்லை. "கால்சியம், டி3, தினம் ஒன்று" அவ்வளவுதான். மெடிக்கலில் இரண்டு அட்டை எடுத்துப் போட்டார்கள். ஒன்றில் கொட்டை எழுத்தில் 1250 மி.கி., இன்னொன்றில் 500. விலையில் பத்து ரூபாய் வித்தியாசம். 1250 போட்டதை எடுத்தேன். பத்து ரூபாய் கூடக் கொடுத்தால் இரண்டரை மடங்கு சத்து, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றேன். கடைக்காரர் சிரித்தார். ஏன் சிரித்தார்?

3.2.2024, இரவு 10.40

சிரிக்காமல் என்ன செய்வார் தம்பி. இரண்டும் ஒரே மாத்திரை. பத்து ரூபாய் உங்களுக்கு நஷ்டம்.

1250 என்பது கால்சியம் கார்பனேட்டின் எடை. கார்பனேட்டில் கால்சியம் 40 சதவீதம்தான், மீதி கார்பனும் ஆக்சிஜனும். 1250இல் 40 சதவீதம் போட்டுப் பாருங்கள், 500 வரும். ஒரு கம்பெனி தேங்காயை மட்டையோடு நிறுத்து எழுதியிருக்கிறது, இன்னொரு கம்பெனி பருப்பை மட்டும் நிறுத்து எழுதியிருக்கிறது. தேங்காய் ஒன்றுதான்.

அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். "ஈக்விவலன்ட் டு எலிமெண்டல் கால்சியம்" என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். அதற்குப் பக்கத்தில் உள்ள எண்தான் உங்கள் அம்மாவுக்குப் போய்ச் சேருவது. முன்பக்கம் இருப்பது கடை அலமாரிக்காக எழுதியது.

நான் சிவகாசியில் ஒரு ஆப்செட் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். இருபத்திரண்டு வருடமாக லேபிளும் அட்டைப்பெட்டியும் படிப்பதுதான் பிழைப்பு. கமா விடுபட்டாலும் கண்ணில் படும். அப்படிப்பட்டவன் வீட்டில் என்ன லட்சணத்தில் மாத்திரை வாங்கினேன் என்பதைப் பிறகு எழுதுகிறேன், இப்போது தூக்கம் வருகிறது.

காலையில் வெறும் வயிற்றில் போடச் சொல்லுங்கள், நன்றாகச் சேரும்.

4.2.2024, காலை 7.05

மேலே கடைசி வரி தப்பு. அழிக்கவில்லை, கிடக்கட்டும்.

மருந்தாளுநர் அக்கா ஒருவர் விடியற்காலையிலேயே தனிச்செய்தியில் திட்டியிருக்கிறார். கால்சியம் கார்பனேட் கரைய வயிற்றில் அமிலம் வேண்டுமாம், சாப்பாட்டோடு போட்டால்தான் ஒழுங்காகச் சேரும். சாப்பாடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்பது கால்சியம் சிட்ரேட் என்ற வேறு வகை மாத்திரைக்கு. அதில் கால்சியம் 21 சதவீதம்தான், அதனால் அதே 500க்கு மாத்திரை எண்ணிக்கை கூடும். தினமும் கேஸ் மாத்திரை போடுகிறவர்களுக்கு அமிலம் குறைவாக இருக்கும், அவர்களுக்கு சிட்ரேட் தேவலை, டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம் என்கிறார். உங்கள் அம்மா கேஸ் மாத்திரை போடுகிறாரா?

இன்னொன்றும் சொன்னார். ஒரே வேளையில் 500க்கு மேல் போட்டால் உடம்பு அந்த விகிதத்தில் எடுத்துக்கொள்ளாது. ஆக, அது உண்மையிலேயே 1250 மி.கி. கால்சியமாக இருந்திருந்தாலும் லாபம் கிடையாது.

4.2.2024, மதியம் 1.30

கேட்கிறார்கள், எல்லா மாத்திரையிலும் இந்த மட்டைக் கணக்கு உண்டா என்று. தாது உப்புகள் எல்லாவற்றிலும் உண்டு. இரும்பு மாத்திரையில் ஃபெரஸ் ஃபியூமரேட் என்றால் மூன்றில் ஒரு பங்குதான் இரும்பு. ஃபெரஸ் குளுக்கோனேட் என்றால் 12 சதவீதம். ஃபெரஸ் அஸ்கார்பேட் போட்ட அட்டைகளில் பெரும்பாலும் "எலிமெண்டல் அயர்ன் 100 மி.கி." என்று நேராகவே எழுதிவிடுகிறார்கள், நல்ல பழக்கம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் சிவப்பு சத்து மாத்திரையில் எலிமெண்டல் இரும்பு 60 மி.கி., ஃபோலிக் அமிலம் 500 மைக்ரோகிராம். காசு கொடுத்து வாங்கும் எத்தனையோ கலர் டப்பாக்களைத் திருப்பிப் பார்த்தால் அந்த 60 இருக்காது.

மெக்னீசியம் இன்னும் மோசம். ஆக்சைடில் 60 சதவீதம் மெக்னீசியம், ஆனால் உடம்பில் சரியாகச் சேராது. கிளைசினேட் நன்றாகச் சேரும் என்கிறார்கள், ஆனால் அதில் மெக்னீசியம் 14 சதவீதம். "கிளைசினேட் 1000" என்று பெரிதாகப் போட்டிருந்தால் உள்ளே 140தான்.

6.2.2024, இரவு 11.20

வீட்டு லட்சணம் எழுதுகிறேன் என்றேன் அல்லவா.

மூன்று வருடத்துக்கு முன் என் மனைவிக்கு முடி கொட்டியது. கொரோனா வந்து போன பிறகு பாதிப் பேருக்குக் கொட்டியதே, அந்தச் சமயம். பக்கத்து வீட்டுப் பெண் ஒரு டப்பாவைக் காட்டினாள், தலைமுடி, தோல், நகம் மூன்றுக்கும் ஒரே மாத்திரை. இணையத்தில் வாங்கினேன். முன்பக்கம் "பயோட்டின் 10,000". பயோட்டின் என்பது ஒரு பி விட்டமின். பத்தாயிரம்! பார்க்கவே நம்பிக்கையாக இருந்தது. பத்தாயிரம் என்ன என்று பார்க்கவில்லை. மைக்ரோகிராம். பின்பக்க அட்டவணையில் அன்றாடத் தேவையில் இது எத்தனை சதவீதம் என்ற கட்டத்தில் 33,333 என்று இருந்தது. அச்சகத்தில் இப்படி ஒரு எண் வந்தால் பேனாவால் வட்டம் போட்டு ஓரத்தில் கேள்விக்குறி வைத்து ஆபரேட்டரிடம் திருப்பி அனுப்பியிருப்பேன். வீட்டில் அவளிடம் கொடுத்து "தினம் ஒன்று போடு" என்றேன்.

அது அச்சுப்பிழை இல்லை. அமெரிக்கக் கணக்கில் ஒரு நாளைக்கு 30 மைக்ரோகிராம் போதும். பத்தாயிரத்தை முப்பதால் வகுத்து நூறால் பெருக்கினால் சரியாக அந்தச் சதவீதம்தான் வரும்.

அவளுக்கு ஏற்கெனவே தைராய்டு குறைவு, பத்து வருடமாக மாத்திரை போடுகிறாள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் அந்தத் தடவை டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், தைராய்டு குறைந்தால் இது ஏறும், கூடினால் இறங்கும்) தரைமட்டத்துக்கு இறங்கியிருந்தது, டி4 என்ற தைராய்டு ஹார்மோன் மேலே போயிருந்தது. தைராய்டு கூடிவிட்டது என்று அர்த்தம். டாக்டர் டோஸைக் குறைத்தார். இரண்டு மாதத்தில் அவளுக்குக் கால் வீங்கி, உட்கார்ந்த இடத்தில் தூங்கி, குரலே மாறிவிட்டது. திரும்ப எடுத்தால் ரிப்போர்ட் அப்போதும் "கூடுதல்" என்றே சொல்கிறது. ஆளைப் பார்த்தால் குறைவு, காகிதத்தைப் பார்த்தால் கூடுதல்.

கடைசியில் வேறொரு டாக்டரிடம் போனோம். அவர் கேட்ட முதல் கேள்வியே "முடிக்கு ஏதாவது மாத்திரை போடுகிறீர்களா?" டப்பாவை நிறுத்தச் சொல்லி ஒரு வாரம் கழித்து ரத்தம் எடுத்தார். டி.எஸ்.எச். இருபதைத் தாண்டி இருந்தது, அதாவது தைராய்டு குறைவுதான்.

விஷயம் இதுதான். பல லேப்களில் ஹார்மோனை அளக்கும் முறையே பயோட்டினை ஒட்டுப்பசை மாதிரிப் பயன்படுத்துவது. ரத்தத்தில் வெளிப் பயோட்டின் நிரம்பிக் கிடந்தால் பசை எல்லாம் அதிலேயே ஒட்டிக்கொள்கிறது. அதனால் டி.எஸ்.எச். பொய்யாகக் குறையும், டி4 பொய்யாகக் கூடும். மாரடைப்புக்கு எடுக்கும் டிரோப்போனின் பரிசோதனையும் பொய்யாகக் குறைந்து காட்டலாம், அதுதான் பயங்கரம். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017லேயே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது, அப்படி ஒரு தவறான டிரோப்போனின் ரிப்போர்ட்டுக்குப் பிறகு ஒருவர் இறந்ததையும் அதில் குறிப்பிட்டிருக்கிறது.

அந்த டப்பாவில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. சரி, இருந்திருந்தால் படித்திருப்பேனா என்று கேட்டால் பதில் என்னிடம் இல்லை. 33,333ஐயே படிக்கவில்லையே.

முடி? அதுவாகவே நின்றது. காய்ச்சலுக்குப் பிறகு கொட்டுகிற முடி சில மாதத்தில் தானாக நிற்பதுதானாம்.

7.2.2024, காலை 6.50

"டாக்டர் மேல் தப்பா, டப்பா மேல் தப்பா?" என்று ஒருவர். என் மேல். டாக்டரிடம் வேறு மாத்திரை எதுவும் இல்லை என்று சொன்னது நான்தான். முடி மாத்திரை எனக்கு மாத்திரையாகவே தோன்றவில்லை, ஷாம்பு மாதிரி நினைத்திருந்தேன்.

மருந்தாளுநர் அக்கா சேர்க்கச் சொன்னது: தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் கால்சியத்தையும் இரும்பையும் அதிலிருந்து நான்கு மணி நேரம் தள்ளிப் போட வேண்டும். என் மனைவி மூன்றையும் ஒரே தம்ளர் தண்ணீரில் விழுங்கிக்கொண்டிருந்தாள். அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள், என் பெருமைகளின் பட்டியலில்.

11.2.2024, இரவு 9.30

டி விட்டமின் பற்றிக் கேட்டவருக்கு.

மதுரையில் என் மாமாவுக்கு, 71 வயது, டி3 சாஷே (பொடிப் பொட்டலம்) எழுதிக் கொடுத்தார்கள். 60,000 ஐ.யு. (இன்டர்நேஷனல் யூனிட் என்ற அளவு), வாரம் ஒன்று, எட்டு வாரம். மாமா அதைத் தினம் ஒன்றாகப் பாலில் கலந்து குடித்துவிட்டார். சீட்டில் இருந்த கையெழுத்து யாருக்குப் புரிந்தது. சாஷேயில் "மருத்துவர் சொன்னபடி" என்று மட்டும் இருந்தது. நான்காவது நாள் அத்தை மகள் வந்து பார்த்துவிட்டு அலறினாள். ரத்தத்தில் கால்சியம் பார்த்தார்கள், நல்லவேளை சரியாக இருந்தது. மாதக்கணக்கில் அப்படியே போயிருந்தால் கால்சியம் ஏறி, வாந்தி, மலச்சிக்கல், ஓயாத தாகம் என்று போய்ச் சிறுநீரகத்தில் முடிந்திருக்கும். தண்ணீரில் கரையும் சி, பி மாதிரி இல்லை இது, கொழுப்பில் சேர்ந்துகொண்டு லேசில் போகாது.

மாமா சொன்ன காரணம் கேட்டால் கோபம் வராது. அமெரிக்காவிலிருந்து மகன் அனுப்பிய டப்பாவில் "டி3, 25" என்று இருந்ததாம், அதைத் தினம் போடச் சொல்லியிருந்தானாம். இதுவும் டி3தானே என்று தினம் போட்டிருக்கிறார். அந்த 25 மைக்ரோகிராம். இந்த 60,000 ஐ.யு. ஒரு மைக்ரோகிராம் என்பது 40 ஐ.யு. ஆக அந்தக் குட்டி மாத்திரை 1000 ஐ.யு. இந்தச் சாஷேயை அதே அளவில் சொன்னால் 150 மைக்ரோகிராம்.

11.2.2024, இரவு 9.52

1500. பூஜ்யம் விட்டுவிட்டேன்.

ஆறு பேர் பிடித்துவிட்டீர்கள், மகிழ்ச்சி. பிழை திருத்துகிறவனின் பிழை. இதற்குத்தான் எங்கள் அச்சகத்தில் எண்களை ஒருவர் வாய்விட்டுப் படிக்க, இன்னொருவர் மூலப்பிரதியில் விரல் வைத்துப் பார்ப்போம். நாள்காட்டியில் ராகு காலம் ஒரு நாள் மாறினால் ஊர் முழுக்கப் போன் செய்யும். மாத்திரை டப்பாவில் ஒரு பூஜ்யம் போனால் யாரும் கூப்பிட மாட்டார்கள், விழுங்கிவிடுவார்கள்.

ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2020 கணக்கில் பெரியவர்களுக்கு டி ஒரு நாளைக்கு 600 ஐ.யு., அதாவது 15 மைக்ரோகிராம் (இந்தத் தடவை இரண்டு முறை வகுத்துப் பார்த்தேன்). தினம் தொடர்ந்து போடுவதற்கு மேல் வரம்பு 4000. வாரம் 60,000 என்பது குறைபாடு உள்ளவர்களுக்குக் குறிப்பிட்ட வாரங்களுக்கு மட்டும் கொடுக்கும் சிகிச்சை. பக்கத்து வீட்டுக்காரர் நன்றாக இருக்கிறது என்றார் என்று ஆரம்பிக்கிற சமாச்சாரம் இல்லை.

13.2.2024

அந்த ஐ.சி.எம்.ஆர். கணக்கைப் போடுவது ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். அது பிறந்தது நம் குன்னூரில். 1918இல் மெக்காரிசன் என்ற ராணுவ மருத்துவர் பாஸ்டர் நிறுவனத்தில் ஓர் அறையில் பெரிபெரி நோயைப் பற்றி ஆராய ஆரம்பித்தார், அது வளர்ந்து 1958இல் ஐதராபாத்துக்குப் போனது. பி1 குறைந்தால் வருவது பெரிபெரி. நேற்று ராத்திரி வேறொன்றைத் தேடும்போது கண்ணில் பட்டது, சம்பந்தமில்லை என்று விடவும் மனம் வரவில்லை.

18.2.2024, மாலை 5.10

மச்சான் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த மீன் எண்ணெய் டப்பா. முன்பக்கம் "ஒமேகா 3, 1000 மி.கி." பின்பக்கம்: மீன் எண்ணெய் 1000, அதில் ஈ.பி.ஏ. 180, டி.எச்.ஏ. 120. அவ்வளவுதான் ஒமேகா. 300. மீதி 700 சாதாரண எண்ணெய். மட்டைத் தேங்காய் இங்கேயும்.

அதோடு, "சர்விங் சைஸ்: 2 காப்ஸ்யூல்". அட்டவணையில் உள்ள எண்கள் இரண்டு போட்டால் வருகிறவை. 120 காப்ஸ்யூல் டப்பா நான்கு மாதம் வரும் என்று மச்சான் சொன்னார், இரண்டு மாதம்தான் வரும். சில டப்பாக்களில் சர்விங் நான்கு மாத்திரை. புரோட்டீன் மாவு டப்பாவில் இதையே வேறு விதமாகச் செய்வார்கள், முதல் பத்தியில் 100 கிராமுக்கு எவ்வளவு என்று பெரிய எண், பக்கத்துப் பத்தியில் ஒரு கரண்டிக்கு. கண் முதல் பத்தியோடு நின்றுவிடும். இப்படி ஒரு அட்டவணையை அச்சுக்கு அனுப்பியவன் என்ற முறையில் சொல்கிறேன், எந்தப் பத்தி முதலில் வர வேண்டும் என்று யாரோ உட்கார்ந்து யோசித்துத்தான் அனுப்புகிறார்கள்.

"புரொப்ரைட்டரி பிளெண்ட்" என்று மச்சானின் இன்னொரு டப்பாவில் இருந்தது, கம்பெனியின் சொந்தக் கலவை என்று அர்த்தம். பதினோரு மூலிகைகளின் பெயர், எல்லாம் சேர்த்து 450 மி.கி. எது எவ்வளவு என்று கிடையாது. பதினோராவது மூலிகை கண்ணுக்குத் தெரியாத துளியாக இருந்தாலும் பெயர் போடலாம். சாம்பாரில் பெருங்காயம் மாதிரி என்றார் மச்சான். பெருங்காயமாவது மணக்கும்.

23.2.2024, இரவு 10.15

ஒரு கேள்வி இரண்டு நாளாக நிற்கிறது: ஒரே மாதிரி அட்டை, ஒரே மாதிரி நிறம், ஒன்று மருந்து, ஒன்று சப்ளிமெண்ட், எப்படிக் கண்டுபிடிப்பது?

எண்ணைப் பாருங்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. கொடுத்த 14 இலக்க உரிம எண் இருந்தால் அது சட்டப்படி உணவு. கூடவே "ஹெல்த் சப்ளிமெண்ட்" என்றும் "நாட் ஃபார் மெடிசினல் யூஸ்" என்றும் இருக்க வேண்டும். "எம்.எஃப்.ஜி. லைசென்ஸ் நம்பர்" என்று மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிம எண் இருந்தால் மருந்து. இரண்டும் ஒரே அலமாரியில்தான் இருக்கும், ஒரே கடைப் பையன்தான் எடுத்துத் தருவான்.

எனக்குச் சிரிப்பு எங்கே வரும் என்றால், "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்று அச்சடித்த அட்டையை டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்து, நாம் மருந்துக்கடையில் வாங்கி, மருந்து டப்பாவில் போட்டு வைக்கிறோம். அந்த வரியின் எழுத்து உயரத்துக்குக் குறைந்தபட்ச அளவு உண்டு. எங்களிடம் வருகிற டிசைன்களில் அது சரியாக அந்தக் குறைந்தபட்ச அளவிலேயே இருக்கும், அரை மில்லிமீட்டர் கூடுதலாக ஒருநாளும் பார்த்ததில்லை.

உணவு என்றால் மட்டம் என்று நான் சொல்லவில்லை. இதில் நான் முதலில் கொஞ்சம் வேகமாகப் பேசிவிட்டேன் என்று அக்கா நினைக்கிறார். அளவு குறைவாக, தினம் போடும்படி இருப்பவை பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் இருக்கும், அதில் தப்பில்லை. குறைபாட்டுக்கு வைத்தியம் என்றால் மருந்து உரிமம் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள் என்பதுதான் அவர் சொல்வது. ஒப்புக்கொள்கிறேன்.

25.2.2024, மதியம் 2.45

பச்சைப் புள்ளி விவகாரம்.

பெரிய அத்தை சுத்த சைவம், முட்டை போட்ட கேக் வீட்டுக்குள் வரக் கூடாது. நான்கு வருடமாகக் கால்சியம் மாத்திரை போடுகிறார். போன மாதம் என்னிடம் அட்டையைக் கொடுத்து "கண் தெரியவில்லை, காலாவதி தேதி பாரு" என்றார். தேதி சரியாக இருந்தது. மேலே பார்த்தால் "கால்சியம் கார்பனேட், ஆய்ஸ்டர் ஷெல்லிலிருந்து". சிப்பி ஓடு. நான் தேதியை மட்டும் படித்துச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

சொல்லியிருக்க வேண்டுமா? இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அவர் போடும் விட்டமின் ஈ காப்ஸ்யூலின் தோல் ஜெலட்டின், அது மாட்டின் அல்லது பன்றியின் எலும்பு, தோலிலிருந்து எடுப்பது, சிலவற்றில் மீன். "எச்.பி.எம்.சி." என்று போட்டிருந்தால் அது மரநாரிலிருந்து செய்த தோல். டி3 பெரும்பாலும் ஆட்டு ரோமத்தில் உள்ள கொழுப்பிலிருந்து வருகிறது, ஆட்டைக் கொல்லாமல் ரோமம் மட்டும் வெட்டுவதால் சைவக் கணக்கில் சேர்க்கிறார்கள், வீகன்காரர்கள் சேர்ப்பதில்லை. பாசிக்காளானிலிருந்து எடுத்த டி3 தனியாகக் கிடைக்கிறது, விலை கூட.

சப்ளிமெண்ட் டப்பாவில் சதுரத்துக்குள் பச்சை வட்டம் என்றால் சைவம், பழுப்பு முக்கோணம் என்றால் அசைவம். முன்பெல்லாம் அசைவத்துக்கும் வட்டம்தான், நிறம் மட்டும் வேறு. நிறக்குறைபாடு உள்ளவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும். 2020 விதிகளில் முக்கோணமாக மாற்றினார்கள், எங்களுக்கு ஒரு மூட்டைப் பிளேட் வீணானது, ஆனாலும் நல்ல மாற்றம். மருந்து அட்டையில் இந்தக் குறியைத் தேடாதீர்கள், பெரும்பாலும் இருக்காது. மூலப்பொருள் வரியைத்தான் படிக்க வேண்டும்.

26.2.2024

அத்தையிடம் சொல்லிவிடுங்கள் என்று பதினான்கு பேர். சொல்லாதீர்கள் என்று மூன்று பேர், மூவரும் மருமகள்கள்.

3.3.2024, காலை 11.00

ஞாயிறு. வீட்டில் உள்ள எல்லா டப்பாவையும் அட்டையையும் சாப்பாட்டு மேசையில் பரப்பினேன். நோட்டில் கோடு போட்டு, ஒவ்வொரு சத்துக்கும் ஒரு பத்தி. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டுப் படித்தாள், அச்சக முறை.

துத்தநாகம், அதாவது ஜிங்க்தான் மாட்டியது. அவளுடைய பொதுச் சத்து மாத்திரையில் ஜிங்க் சல்பேட் மோனோஹைட்ரேட் 61.8 மி.கி., எலிமெண்டலாக 22.5. கொரோனா காலத்திலிருந்து பழக்கமாகிவிட்ட விட்டமின் சி மாத்திரையில் இன்னும் 10. தோலுக்கு என்று தோல் டாக்டர் எழுதியதில் 25. மொத்தம் 57.5. பெரியவர்களுக்கு 40 தாண்டக் கூடாது என்பது வழக்கமான வரம்பு. நீண்ட காலம் தாண்டினால் செம்பு குறையும், அதனால் ரத்தசோகை வரும். ரத்தசோகைக்கு அவள் இரும்பு மாத்திரை போடுகிறாள்.

ஒன்று இன்னொன்றுக்குக் காரணம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த நோட்டைப் பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

மூன்று அட்டைகளிலும் "பரிந்துரைத்த அளவைத் தாண்ட வேண்டாம்" என்ற பொருளில் ஏதோ இருக்கிறது. ஒவ்வொன்றும் தன் அளவைத்தான் சொல்கிறது. கூட்டல் போடுவது எந்த லேபிளின் வேலையும் இல்லை. டாக்டரிடம் நோட்டோடு போனோம், மூன்றில் இரண்டை நிறுத்திவிட்டார்.

தண்ணீரில் போட்டால் நுரைக்கும் சி மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை. நுரை சோடா உப்பிலிருந்து வருகிறது, சிலவற்றில் ஒரு மாத்திரைக்கு 200, 300 மி.கி. சோடியம். அம்மாவுக்கு ரத்தக்கொதிப்பு, ஊறுகாயை ஒளித்து வைத்துவிட்டு இதைத் தினம் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

5.3.2024, இரவு 8.40

"இதெல்லாம் எதற்கு, முருங்கைக்கீரை சாப்பிட்டால் போதாதா, கீரைக்கு லேபிள் உண்டா?" நாற்பது பேர் விருப்பக்குறி போட்டிருக்கிறார்கள். எனக்கும் கீரை பிடிக்கும். ஆனால் விட்டமின் பி12 கீரையில் இல்லை. எந்தக் கீரையிலும் இல்லை. அத்தை மாதிரி சைவக்காரர்களும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் போடுகிறவர்களும் அதில் குறைந்து போவது உண்டு. கை கால் மரத்துப்போகும், சர்க்கரையால் என்று நினைத்து விட்டுவிடுவார்கள்.

இதில் லேபிளில் பார்க்க வேண்டியது பி12 இருக்கிறதா என்பதை. வெறும் ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் நிறையப் போட்டால் ரத்தசோகை சரியாகி ரிப்போர்ட் அழகாக இருக்கும், நரம்பு மட்டும் உள்ளே கெட்டுக்கொண்டே போகும். அளவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தேவை ஒரு நாளைக்கு 2.2 மைக்ரோகிராம், மாத்திரையில் 1500 இருக்கும். குடல் ஒரு வேளைக்கு இரண்டு மைக்ரோகிராம் அளவுக்குத்தான் ஒழுங்கான வழியில் உள்ளே விடும், மீதியில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு கசிந்து உள்ளே போகும். அந்தக் கசிவுக்காகத்தான் 1500.

அப்படியானால் பயோட்டின் 10,000க்கும் அதே நியாயம் சொல்லலாமே என்று நீங்கள் கேட்பதற்கு முன் நானே கேட்டுப் பார்த்தேன். இல்லை. பயோட்டினுக்குக் குடலில் அந்தத் தடை கிடையாது, கிட்டத்தட்ட முழுவதும் உள்ளே போய்விடும். 33,333 சதவீதம் எழுதினால் 33,333 சதவீதம்தான்.

9.3.2024, இரவு 9.05

முதல் கேள்வி கேட்ட தம்பி ஒரு மாதம் கழித்து வந்திருக்கிறார். அம்மா கேஸ் மாத்திரை எதுவும் போடுவதில்லையாம். கால்சியம் மாத்திரையையும் போடுவதில்லையாம். தொண்டையில் இறங்கவில்லை, இவ்வளவு பெரிய மாத்திரையா என்று சொல்லி மூன்றாவது நாளே நிறுத்திவிட்டார். "500 போட்டதை வாங்கி வா, அது சின்னதாக இருக்கும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். இவரும் போய் வாங்கி வந்திருக்கிறார். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே அளவு.

ஒரே அளவாகத்தானே இருக்கும் தம்பி. இரண்டிலும் 1250 சுண்ணாம்புதான்.

9.3.2024, இரவு 9.40

மென்று சாப்பிடும் வகை கிடைக்கிறது என்கிறார் அக்கா. சர்க்கரை சேர்த்திருக்கிறதா என்று பின்பக்கம் பார்த்து வாங்குங்கள். இல்லையென்றால் பாதியாக உடைத்து, மதியம் பாதி, இரவு பாதி, சோற்றோடு. நடுவில் கோடு இருக்கிற மாத்திரைதானா என்று மட்டும் பாருங்கள், அதைப் பெரும்பாலும் லேபிளில் எழுத மாட்டார்கள், அட்டையைப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

10.3.2024

கோடு இருக்கிறதாம்.

அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை.